ஆதிச்சநல்லூர்த் தலையோடுகளும் மகலனோபிசின் தொலைவும்

ஏரலிலிருந்து பொருநையின் போக்கிற்கு எதிராக மேற்கே சென்றால், ஸ்ரீவைகுண்டம் தாண்டி ஆதிச்சநல்லூர்ப் பறம்பு. 114 ஏக்கரில் தாழிகளைச் சுமந்து கிடக்கும் இடுகாடு. 1876 இல் யாகோரும் 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் இதை அகழ்ந்த கதையை நண்பர்கள் அறிவீர்கள். நாம் இங்கே பேசப் புகுவது, தாழிகளில் கிடைத்த தலையோடுகளை அளந்தோர் எண்களைக் கையாண்ட விதம் குறித்து.

1930 இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக சக்கர்மேனின் ஆய்வு வந்தது. அதன்பின் பல பத்தாண்டுகள், இவ்வோடுகள் 'ஆதி ஆஸ்திரலாய்டு', 'மத்தியதரைக் கடலினம்' என்று பிரித்துப் பேசப்பட்டன. திராவிடர் எங்கிருந்து வந்தனர் என்னும் பெருங்கேள்விக்கே இவற்றைச் சான்றாக்கினர். ஆனால் முழுமையாக அளக்கத்தக்க நிலையில் இருந்தவையோ மிகச் சில! ஒரே ஊரில், ஏன், ஒரே குடும்பத்திலேயே நீண்ட தலையும் அகன்ற தலையும் உண்டல்லவா? ஒரு குழுவுக்குள் வேறுபாடு எவ்வளவு என்றறியாமல் இரு குழுக்கள் என்று எப்படிச் சொல்வது?

இக்கேள்விக்கு முறையான விடை தேடியவர் நம் நாட்டவரே. 1920 இல் நாகபுரி அறிவியல் மாநாட்டில், இந்திய விலங்கியல் ஆய்வுத்துறை இயக்குநர் அன்னண்டேல், கல்கத்தா ஆங்கிலோ இந்தியரின் உடலளவுகளை ஆராயுமாறு மகலனோபிசைக் கேட்டார். 1922 இல் முதற்கட்டுரை வெளிவந்தது. அக்காலத்தில் கார்ல் பியர்சனின் 'இன ஒப்புமைக் கெழு' பெருவழக்கில் இருந்தது. அளக்கப்பட்ட ஆட்களின் எண்ணிக்கை கூடினால் அக்கெழுவும் கூடும் என்று மகலனோபிஸ் சுட்டினார். வேறுபாடு இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. எவ்வளவு என்பது வேறு. இரண்டையும் குழப்பலாகாது.

1936 இல் அவர் வகுத்த 'தொலைவு' இன்னொரு சிக்கலையும் தீர்த்தது. நீண்ட தலை பெரும்பாலும் சற்று அகன்றும் இருக்கும். இரண்டையும் தனித்தனிச் சான்றாகக் கொண்டால் ஒரே சான்றை இருமுறை எண்ணியதாகும். அளவுகளுக்கிடையேயான இவ்வுறவைக் கழித்த பின்னரே அவர் தொலைவைக் கணக்கிட்டார். 1946 இல் அவருடைய மாணாக்கர் சி.ஆர். ராவ் கேம்பிரிட்ஜ் சென்று, சூடானின் ஜெபல் மோயா எலும்புகளை இம்முறையால் ஆராய்ந்தார். அங்கே எலும்புகள் மிகுதி; கணக்குக்கு இடமிருந்தது.

பொருநைக்கரையில் அந்த வாய்ப்பில்லை. 2004 அகழாய்விலும் எலும்புகள் கிடைத்தன. 'எந்த இனம்' என்ற பழைய பேச்சு மீண்டும் எழுந்தது. உயிரியலாளர் அச்சொல்லைப் பெரிதும் கைவிட்டுவிட்டனர் என்பதை மேடைகள் இன்னும் அறியவில்லை போலும். ஒன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும்: அவ்விடுகாட்டில் பல நூற்றாண்டுகள் பிணம் புதைத்திருக்கின்றனர். அடுத்தடுத்த இரு தாழிகளில் கிடந்தோர் ஒருவரையொருவர் கண்டிராதவராகவும் இருக்கலாம்.