பின்கதவில் ஓர் எழுத்து: மலையக வீதிகளில் மின் ஸ்டியரிங்கின் வருகை

பிந்தி வருபவருக்கு ஒரு சலுகை உண்டு என்பது பொருளியல் வரலாற்றறிஞர் அலெக்சாண்டர் கெர்ஷன்கிரோன் 1952இல் முன்வைத்த வாதம். முந்திய நாடுகள் ஏறிய படிகள் எல்லாவற்றிலும் பிந்திய நாடு ஏற வேண்டியதில்லை. ஆகப் புதிய கருவியை அது நேரே இரவல் வாங்கிக்கொள்ளலாம். அவர் எழுதியது இரும்பாலைகளையும் வங்கிகளையும் பற்றி. ஆனால் அந்த வாசிப்பைக் காருக்குப் பொருத்துவது மிக எளிது. மேற்கு நாடுகள் சாதா ஸ்டியரிங்கிலிருந்து ஒயில் பம்ப் வைத்த பவர் ஸ்டியரிங்குக்கும், அதிலிருந்து மின் மோட்டாருக்கும் போயின. இந்தியாவும் இலங்கையும் நடுப்படியைத் தாண்டிவிட்டன என்று சொல்லிவிடலாம். இலங்கை மலையகத்தின் ஹட்டன் பஸ் நிலையத்தருகே நிற்கும் ஆல்டோ, வேகன்ஆர் வரிசையைப் பார்த்தால் இது சரியென்றே தோன்றும். எனக்கும் நெடுநாள் அப்படித்தான் தோன்றியது. இப்போது அதை ஏற்க முடியவில்லை.

'ஆகப் புதியது' என்ற சொல்லிலேயே முதல் சிக்கல் இருக்கிறது. மின் ஸ்டியரிங் பெரிய கார்களிலிருந்து கீழே இறங்கி வந்த வசதியன்று. 1988இல் அது முதன்முதலில் பொருத்தப்பட்டது சுசுகி செர்வோவில். ஜப்பானின் கெய் வகுப்புச் சிறுகார்களுக்கு அன்று 550 சி.சி.தான் எல்லை, 1990இல்தான் அது 660 ஆனது. ஒயில் பம்ப் எஞ்சினின் பெல்ட்டோடு ஓயாமல் சுற்றும். நேரே போகும்போதும் விசையைத் தின்னும். பெரிய எஞ்சினுக்கு அந்தச் சுமை தெரியாது, 550 சி.சி.க்குத் தெரியும். மின் மோட்டாரோ சக்கரத்தைத் திருப்பும்போது மட்டும் மின்சாரம் எடுக்கும். போர்ஷே 911 மின் ஸ்டியரிங்குக்கு மாறியது 2011இல் வந்த தலைமுறையில்தான், செர்வோவுக்கு 23 ஆண்டுகள் பிந்தி. எஞ்சினின் ஏழ்மையிலிருந்து பிறந்த கருவியை முன்னேறியவர் உச்சியில் வைத்திருந்த பொருளாகக் கருதினால், இந்த வரலாறே தலைகீழாகிவிடும்.

இந்தியாவைப் பொறுத்தவரை கெர்ஷன்கிரோன் ஓரளவு நிற்கிறார். செர்வோவுக்கு ஸ்டியரிங் செய்து கொடுத்த கோயோ நிறுவனத்தின் நுட்பமே சோனா கோயோ கூட்டு வழியாக அங்கே உற்பத்தியாயிற்று, அது இரவல்தான். இலங்கையில் அப்படி எந்த ஆலையும் எழவில்லை. கெர்ஷன்கிரோன் அரசுக்குப் பெரிய பங்கு கொடுப்பார். இங்கும் அரசு இருந்தது. ஆனால் அதன் கண் ஸ்டியரிங்கில் இல்லை, எஞ்சின் கொள்ளளவில் இருந்தது. 2015 ஜனவரியில் வந்த இடைக்கால வரவுசெலவுத் திட்டம் 1,000 சி.சி.க்கு உட்பட்ட கார்களின் வரியைக் குறைத்தது. முந்திய ஆண்டில் 40,000ஐ எட்டாத புதிய கார்ப் பதிவுகள் அவ்வாண்டில் ஒரு லட்சத்தைத் தாண்டின. இந்தியாவிலிருந்து 796 சி.சி. ஆல்டோவும் ஜப்பானிலிருந்து 660 சி.சி. வகுப்பின் வேகன்ஆரும் வந்து குவிந்தன. கொழும்பு தேர்ந்தெடுத்தது சி.சி.யை. சிறிய எஞ்சினோடு மின் ஸ்டியரிங் பெரும்பாலும் தானாகக் கூடவே வந்தது.

'தாண்டியது' என்ற சொல்லைத்தான் நான் முற்றாக மறுக்கிறேன். மலையகம் இயந்திரங்களுக்குப் பிந்திய நிலம் அன்று. 1885இலேயே நானுஓயாவுக்கு ரயில் வந்துவிட்டது. ஒயில் பவர் ஸ்டியரிங்கும் இந்த வீதிகளுக்குப் புதிதல்ல. பிற்காலத்து லொறிகளிலும் பஸ்களிலும், தோட்டத் துரைமார் ஏறிய ஜப்பானிய ஜீப்புகளிலும் அது இருந்தது. றம்பொடையின் கொண்டை ஊசி வளைவுகளில் அந்த ஒயில் பம்ப் பல காலம் உழைத்திருக்கிறது. ஆகவே நடுப்படியை ஊர் தாண்டவில்லை. தாண்டியவை தேயிலைத் தோட்டங்களின் லயத்துக் குடும்பங்கள். அந்த வீடுகளின் பிள்ளைகள் பலருக்கு முதல் வாகனம் முச்சக்கரவண்டி. அதில் வட்டமான ஸ்டியரிங்கே கிடையாது, கைப்பிடிதான். கைப்பிடியிலிருந்து கை நேரே மின் மோட்டார் சுழற்றும் சக்கரத்துக்குப் போயிற்று.

இதற்குச் 'சலுகை' என்று பெயர் சூட்ட எனக்கு மனம் வரவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இந்தத் தோட்ட மக்களை நாடற்றவராக்கியது. இடையில் உரிமை பெறாமல் எஞ்சியோருக்கும் அதை வழங்கிய சட்டம் வந்தது 2003இல். 2013 கூட்டு ஒப்பந்தப்படி கொழுந்து பறிப்பவரின் அடிப்படை நாட்சம்பளம் 450 ரூபாய். அந்தச் சம்பளத்தில் கார் வராது. கொழும்புக் கடைகளிலும் மத்திய கிழக்கிலும் உழைத்த பணமும் லீசிங் கடனும் சேர்ந்துதான் வாங்கின. இவர்கள் பிந்தி வந்தவர்கள் அல்லர், பிந்த வைக்கப்பட்டவர்கள். கெர்ஷன்கிரோனின் அளவுகோலில் நாடுகளுக்கு இடம் உண்டு. நாட்டுக்குள் லயத்துக்கும் பங்களாவுக்கும் உள்ள தூரத்துக்கு இல்லை.

இங்கு வந்த சிறுகார் மின் ஸ்டியரிங்கோடு வந்தது என்பதற்குச் சான்றாக நான் வைப்பது ஒரேயொரு பின்கதவு எழுத்து. இந்திய ஆல்டோவில் 'எல்எக்ஸ்' என்றால் சாதா ஸ்டியரிங். 'எல்எக்ஸ்ஐ' என்றால் மின் ஸ்டியரிங். இரண்டையும் பிரிப்பது கடைசி எழுத்தான அந்த 'ஐ' மட்டுமே. ஹட்டன் கராஜ் ஒன்றில் நான் பார்த்த ஆல்டோவின் பின்கதவில் 'எல்எக்ஸ்' என்றே இருந்தது. சாய்வெளிச்சத்தில் பார்த்தபோது அதற்கு வலப்புறம் பசையின் மங்கிய செங்குத்துத் தடம் தெரிந்தது. 'ஐ' உதிர்ந்திருக்கலாம். அல்லது அந்தக் கதவே விபத்துக்குப் பின் வேறொரு காரிலிருந்து கழற்றி மாட்டப்பட்டதாயிருக்கலாம். அப்படியானால் எழுத்து கதவின் வரலாற்றைச் சொல்லுமே தவிர காரின் வரலாற்றைச் சொல்லாது. சாவியைத் திருப்பச் சொன்னேன். மின் ஸ்டியரிங்குக்குரிய எச்சரிக்கை விளக்கு எரிந்தது. எஞ்சின் பிடித்ததும் அணைந்தது. ஸ்டியரிங் தண்டைப் பின்னாளில் மாற்றியிருக்கலாமே என்று ஒருவர் மறுக்கலாம். மோட்டார், முறுக்குவிசை உணரி, கட்டுப்பாட்டுப் பெட்டி, வயரிங், இந்த விளக்கு எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற யாரும் அவ்வளவு செலவழிக்கமாட்டார் என்பதே என் பதில். இது நிரூபணம் அன்று. ஆனாலும் உதிர்ந்த 'ஐ' என்ற பாடத்தையே நான் ஏற்கிறேன். பின்கதவு எழுத்துகளை எண்ணிச் சாதா ஸ்டியரிங் கார்கள் இத்தனை என்று கணக்குப் போடுபவர் இந்தக் காரைத் தவறான பக்கத்தில் எழுதியிருப்பார்.

முதல் மின் ஸ்டியரிங் கார் மலையகத்தில் எந்த ஆண்டு ஏறியது என்பதை நான் ஊகிக்கப் போவதில்லை. வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் எண், சேசிஸ் எண், கொள்ளளவு, எரிபொருள், உற்பத்தி ஆண்டு எல்லாம் உண்டு. ஸ்டியரிங்குக்கு நிரல் இல்லை. கராஜிலும் ஒயில் பம்புக்கும் மின் மோட்டாருக்கும் 'பவர் ஸ்டியரிங்' என்ற ஒரே பெயர்தான். 1988க்குப் பின், 2015இன் பெருக்கத்துக்கு முன் என்பது மட்டும் உறுதி. அந்த இடைவெளி 27 ஆண்டுகள். பழைய ஜப்பானிய கார்களின் பழுதுச் சிட்டைகள் அதைச் சுருக்கக்கூடும். வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்படும்வரை, இருந்த கார்களையே திருத்தி ஓட்டினார்கள். அந்த ஐந்தாண்டுச் சிட்டைகளிலிருந்து பின்னோக்கித் தேடலாம் என்றிருக்கிறேன்.