புலப்பெயர்வும் மனையுரிமையும்: ஹங்கேரிய மருமகளும் இறக்காமத்து உம்மாவும்

இல்லத்தரசியின் புலப்பெயர்வைப் பேசும் ஆய்வுகள் பெரும்பாலும் மொழி, உடை, உணவு என்பவற்றோடு நின்றுவிடுகின்றன. அவள் குடும்பம் நடத்தும் வீடு யார் பெயரில் இருக்கிறது என்ற வினாவே அவளது நிலையை அறிய முதன்மையானது என இக்கட்டுரை வாதிடுகிறது.

1908இல் புடாபெஸ்ட்டில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் மக்தொல்னா ஃப்ரீட்மன். ஹங்கேரியப் பல்கலைக்கழகங்களில் யூதர் அனுமதியைக் கட்டுப்படுத்திய 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னணியில் படிக்க லண்டன் சென்றார். அங்கு அறிமுகமான இந்தியர் பி. கே. நேருவை 1935இல் மணந்து ஷோபா நேரு ஆனார். மூன்று ஆண்மக்களுக்குத் தாயானார். சேலையும் இந்தியும் அவரிடம் நன்கு படிந்தன. தொண்ணூறு வயதில்தான், யூதர் வரலாற்றை அறிய வரலாற்றாசிரியர் மார்ட்டின் கில்பர்ட்டிடம் நூல் கேட்டார். பதிலாக வந்த கடிதங்கள் 2002இல் நூலாயின. பண்பாட்டளவில் இவரைவிடக் கலந்தவரைக் காண்பது அரிது. ஆனால் கணவர் தூதுவராகவும் ஆளுநராகவும் மாறுந்தோறும் அவர் நிருவகித்த மாளிகையும் மாறியது, அம்மாளிகைகள் அரசுக்குரியவை. பிரிவினைக்குப் பின் டெல்லியில் அகதிப் பெண்களின் கைவேலைகளை விற்க வழிசெய்த பணியே அவருக்கெனத் தனி அடையாளம் தந்தது. அது வீட்டுக்கு வெளியே கிடைத்தது.

அம்பாறை மாவட்டத்து இறக்காமத்தில் நிலைமை தலைகீழ். வயல் சூழ்ந்த இம்முஸ்லிம் ஊரிலும் கல்முனைக் கரையோரத்திலும் கலியாணத்தால் இடம்பெயர்பவர் மாப்பிள்ளையே, குடி எனும் குலமுறையும் தாய்வழி. சம்பந்தம் பேசும்போதே சீதன வீட்டுப் பேச்சு வந்துவிடும். மூத்த மகள் பெயருக்கு உறுதி (பத்திரம்) எழுதிய பின் உம்மாவும் வாப்பாவும் வளவின் ஓரத்திலோ அயலிலோ சிறு வீட்டுக்கு ஒதுங்குவர். இளையவளுக்கு அடுத்த அத்திவாரம் விழும். அக்கரைப்பற்றை மையமாக வைத்து மானுடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இம்முறையை விரிவாகப் பதிந்துள்ளார். இஸ்லாமிய வாரிசுரிமையில் மகளின் பங்கு மகனுடையதில் பாதி. ஆயினும் பெற்றோர் உயிருடன் இருக்கையில் எழுதிக் கொடுத்த வீடு அப்பங்கீட்டுக்குள் வராது.

இப்பகுதிப் பெண் வளைகுடாவுக்குப் பணிப்பெண்ணாகச் செல்லும்போது இவ்வுரிமையின் பயன் தெரிகிறது. பிறர் வீட்டில் சமைத்தாலும் திரும்பிவர அவளுக்குச் சொந்த வீடு உண்டு. பிள்ளைகளைப் பார்க்க உம்மாவும் சகோதரிகளும் வேலிக்கு அப்பால் இருக்கின்றனர். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் தாய்மார் வெளிநாடு செல்வதைத் தடுக்க 2013இல் இலங்கை அரசு கொண்டுவந்த குடும்பப் பின்னணி அறிக்கை முறை, தாய் ஒருத்தியையே பராமரிப்பாளராகக் கொண்டது. தாய்வழி அயலின் கூட்டுப் பராமரிப்பு அதன் கணக்கில் வரவில்லை.

இதனால் மட்டும் சீதன முறையைப் புகழ்ந்துவிட முடியாது. அவ்வீட்டைக் கட்டவே வாப்பா கடன்படுகிறார். நானாமார் (அண்ணன்மார்) கடல் கடந்து உழைக்கின்றனர். வீடில்லாதவளின் கலியாணம் தள்ளிப்போகிறது. சில பெண்கள் விமானம் ஏறுவதும் அவ்வீட்டின் சுவர்களை எழுப்பத்தான். பெண்ணுக்குக் காப்பாக இருப்பது உறுதியில் உள்ள அவள் பெயர். சுமையாவது அதைக் கலியாணத்தின் விலையாக்கிய வழக்கம். இவ்விரண்டையும் பிரித்து, கலியாணப் பேச்சுக்கு முன்பே மகளுக்கு வீட்டுரிமை தருவதே சீர்திருத்தத்தின் தொடக்கமாக அமைய வேண்டும்.