டெலவேர் விரிகுடாவில் ஹைதர் அலீ

1782 ஏப்ரல் 8-ஆம் நாள் அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் இரு கப்பல்கள் பொருதின. ஒன்று, ஆங்கிலேயரின் ‘ஜெனரல் மங்க்’. மற்றொன்று, வணிகக் கப்பல்களைக் காக்கப் பென்சில்வேனியா மாகாணம் பீரங்கி பூட்டி அனுப்பிய கலம். அரைமணி நேரத்துக்குள் அது தன்னினும் வலிய பகைக் கப்பலைப் பணியவைத்தது. வென்ற அக்கலத்துக்கு அமெரிக்கர் இட்டிருந்த பெயர் ‘ஹைதர் அலீ’!

மைசூரை ஆண்ட நவாபின் பெயர் அட்லாண்டிக் கரையை அடைந்தது எவ்வாறு? சரித்திரத்தின் புறம் செய்தி, அகம் காரண ஆராய்ச்சி என்பது அறிஞர் இப்னு கல்தூனின் கருத்து. அக்காரணத்தைத் தேடிச் சென்றால், அது நம் வாசலிலேயே வந்து நிற்கிறது.

1776-இல் சுதந்திரப் பிரகடனம் செய்த அமெரிக்கருடன் 1778-இல் பிரெஞ்சுக்காரர் உடன்படிக்கை கண்டனர். உடனே ஆங்கிலேயர் இந்தியாவிலிருந்த பிரெஞ்சுத் தலங்கள் மீது பாய்ந்தனர். அவ்வாண்டே புதுச்சேரியையும், 1779-இல் மாஹியையும் கைப்பற்றினர். மாஹியோ ஹைதரின் பாதுகாப்பிலிருந்த துறைமுகம். 1769-ஆம் ஆண்டு உடன்படிக்கையை ஆங்கிலேயர் மதியாததால் முன்னரே கனன்றிருந்த அவர் சினம் இதனால் மூண்டெழுந்தது. 1780 ஜூலையில் அவர் படை ஆர்க்காட்டு நாட்டில் இறங்கியது.

ஆவடிக்கு வடக்கே ஓடும் கொசஸ்தலையாற்றை நம்மில் பலர் கடந்திருப்போம். குண்டூரிலிருந்து வந்த கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை அவ்வாற்று வெள்ளம் ஒரு வாரத்துக்கு மேல் தடுத்து நிறுத்தியது. காஞ்சியிலிருந்த மன்றோவின் படையுடன் அது சேருமுன், செப்டம்பர் 10-இல் புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் அதனை முறியடித்தனர்.

ஆயினும், பெருமை பேசி முடித்துவிடுதல் நேர்மையாகாது. ஆங்கிலேயருக்கு உணவு கிட்டலாகாதென்று ஹைதரின் குதிரைப்படை சென்னையைச் சூழ்ந்த ஊர்களைத் தீக்கிரையாக்கியது. 1781-இல் ஆங்கிலத் தளபதி அயர் கூட் திருவள்ளூரையடுத்த திருப்பாச்சூர்க் கோட்டையைப் பிடித்தார். இருவருக்குமிடையே நசுங்கியவன் உழவன். பஞ்சத்தால் நகரில் அடைக்கலம் புகுந்தோருக்குக் கஞ்சி வார்க்க 1782-இல் தோன்றியதே மணியக்காரர் சத்திரம். இதனை மதப்போர் என்பாரும் தவறுவர். ஆங்கிலேயர் பக்கம் நின்ற ஆர்க்காட்டு நவாப் முஹம்மதலியும் முஸ்லிமே அன்றோ?

1782 டிசம்பரில் ஹைதர் மறைந்தார். 1783 ஜனவரியில் ஐரோப்பாவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானத்துக்கு இசைந்தனர். அச்செய்தி வந்து சேராமையால், ஜூன் மாதத்தில் கடலூரில் நிலத்திலும் நீரிலும் போர் நடந்தது. அமெரிக்கருக்காக மூண்ட போரின் கடைசிக் குருதி தமிழ் மணலில் சிந்திற்று!

அவ்வாண்டு செப்டம்பரில் பாரிஸ் உடன்படிக்கையால் அமெரிக்கா விடுதலை பெற்றது. அங்கும் கறுப்பின அடிமைகளுக்கு 1865 வரை விலங்கு ஒடியவில்லை. 1781-இல் யார்க்டவுனில் அமெரிக்கரிடம் சரணடைந்த காரன்வாலிஸ் பிரபுவே பின்னர் இங்கு வந்து, 1792-இல் திப்பு சுல்தானின் நாட்டில் பாதியைப் பறித்தார். அங்கே இழந்த ஆதிக்கத்தை ஆங்கிலேயர் இங்கே ஊன்றிக்கொண்டனர்.

நம் பிள்ளைகள் அமெரிக்கப் போரை ஒரு பாடமாகவும், மைசூர்ப் போரை வேறொரு பாடமாகவும் படிக்கின்றனர். அடுத்த முறை கொசஸ்தலையாற்றைக் கடக்கையில், அவை இரண்டும் ஒரே போரின் இரு கரைகள் என்பதை அவர்களுக்குச் சொல்வோமாக. கப்பலுக்குப் பெயரான ஹைதரோடு, பெயரின்றி மாண்ட உழவர்களையும் நினைவூட்டுவோமாக.