கைவிடப்பட்ட எழுத்துருக்களும் தமிழ்க் கணினி வரலாறும்

மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள தன்னாமுனை என்னும் ஊரின் பெயரைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டு, அவ்வெழுத்துரு இல்லாத கணினியொன்றில் திறந்து நோக்கின், தமிழ் தோன்றாது. ஜே, டி, அரைப்புள்ளி, டி, எச், கே, ஐ, டி என்னும் எட்டுக் குறிகளே தோன்றும். இலங்கையில் பல்லாண்டுகளாகத் தமிழ்ப் பிரதிகள் பல இவ்வெழுத்துருவிலேயே ஆக்கப்பட்டுள்ளமையால், இச்சிக்கல் ஓர் ஊர்ப்பெயரளவில் நின்றுவிடுவதன்று. ஒரு காலப்பகுதியின் எழுத்துகளை வருங்காலத்தார் வாசிப்பரோ என்னும் வினா இதனால் எழுகின்றது.

இந்நிலைக்குரிய காரணம் வரலாற்றிலேயே உள்ளது. 1980களிலும் 1990களிலும் பெருவழக்கிலிருந்த கணினிகளில் ஓர் எழுத்துருவுக்கு 256 இடங்களே கிடைத்தன. தமிழுக்கெனப் பொது ஒழுங்கொன்று நடைமுறையில் இல்லாமையால், ஆர்வலர் தத்தமக்கு ஏற்ற ஒழுங்கில் எழுத்துருக்களை ஆக்கினர். சுவிற்சர்லாந்தில் கல்யாணசுந்தரம் ஆக்கிய மயிலையும், மலேசியாவில் முத்து நெடுமாறன் ஆக்கிய முரசு அஞ்சலும் அவற்றுட் குறிப்பிடத்தக்கன. இவ்வேறுபாட்டைக் களையும் நோக்குடன், பல நாட்டுத் தமிழர் மின்னஞ்சல் வழியே கலந்துரையாடி, 1990களின் பிற்பகுதியில் திஸ்கி என்னும் குறிமுறையை வகுத்தனர்.

உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக அமைந்த ஒருங்குறியில் 1991இலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. எனினும், அது பரவலான வழக்கிற்கு வந்தது 2000ஆம் ஆண்டிற்குப் பின்னரேயாம். 2010இல் தமிழ்நாட்டரசும் அதனை ஏற்றது. பழைய குறிமுறைகள் படிப்படியாகக் கைவிடப்பட்டன. அவற்றில் எழுதப்பட்டவையோ எஞ்சி நின்றன.

ஆக்கியோர் கைவிட்டதைப் பயனர் பேணுதல் கணினியுலகிற்குப் புதிதன்று. சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனம், ஐரிக்ஸ் என்னும் யுனிக்ஸ் இயங்குதளத்தைக் கொண்ட தன் பணிநிலையக் கணினிகளின் உற்பத்தியை 2006 இறுதியில் நிறுத்தியது. பயனர் தாமே தொகுத்துப் பகிர்ந்த நெக்கோவெயர் மென்பொருட் பொதிகள் அக்கணினிகளைப் பின்னரும் பயன்படச் செய்தன. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கணினியொன்று வழக்கொழியின் இழப்பு அதனைக் கையாள்வோருக்கே. எழுத்துமுறையொன்று வழக்கொழியின் அக்கணினியைக் கண்டிராதவரும் இழப்பர்.

இவ்விழப்பைத் தடுப்பன மாற்றிகள் எனப்படும் நிரல்கள். அவற்றின் பணி ஒரு குறிக்கு மற்றொன்றை இடுவதோடு அமைவதில்லை. பாமினியில் ‘னை’ என்பதன் ஐகாரக் குறி னகரத்திற்கு முன்னர் இடப்படும். ஒருங்குறியிலோ பின்னர் இடப்படும். பாமினியில் ‘மு’ ஒரே குறி. ஒருங்குறியில் மகரமும் உகரக் குறியுமாக இரண்டு. எனவே தன்னாமுனையின் எட்டுக் குறிகள் இடம் மாறி ஒன்பதாகின்றன. திஸ்கியிலும் முன்னிற்கும் உயிர்க்குறிகள் இவ்வாறே இடம்மாற்றப்படல் வேண்டும். லினக்ஸ் இயங்குதளங்களின் அடித்தளமான குனு சி நூலகத்தில் 2002இல் சேர்க்கப்பட்ட திஸ்கி மாற்றி இன்றும் பேணப்பட்டு வருகின்றது. 1998 தைப்பொங்கலன்று தன்னார்வலரால் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டமும், பழைய குறிமுறைகளில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றி வழங்கியது.

திஸ்கிக்கு வரையறுத்த அட்டவணை உண்டு. தனியார் ஆக்கிய எழுத்துருக்கள் பலவற்றிற்கோ எழுத்துருக் கோப்பே சான்று. அது மறையின், எக்குறி எவ்வெழுத்தைச் சுட்டியது என அறிதல் அரிதாகும். ஆதலின் பழைய கோப்புகளைப் பேணுவோர் எழுத்துருவையும், அதன் பெயரையும், மாற்றும் அட்டவணையையும் உடன் பேணுதல் இன்றியமையாதது. ஏட்டைப் பெயர்த்தெழுதியோரால் பழந்தமிழ் நூல்கள் நிலைத்தன. கணினித் தமிழின் முதற் காலப்பகுதியும் அத்தகைய உழைப்பினாலேயே நிலைபெறும்.