அன்னபூரணியின் கரண்டி

இந்துச் சிற்பங்களில் தெய்வத்தை அடையாளங்காணக் கைப்பொருளையே நாம் முதலில் நோக்குகிறோம். சங்கும் சக்கரமும் திருமாலைக் காட்டும். அன்னபூரணியைக் காட்டுவன கிண்ணமும் கரண்டியும். படைக்கலங்களுக்குத் தரப்பெறும் கவனம் இவ்வடுக்களைக் கருவிகளுக்குக் கிட்டுவதில்லை என்பது நம் கருத்து.

காசியில் கங்கைக்கரைச் சிறுகோயிலொன்றில் இருந்த 18ஆம் நூற்றாண்டுக் கற்சிலை, 1913இல் நார்மன் மெக்கென்சி என்னும் கனடியருக்காகத் திருடப்பட்டது. பின்னர் 1936இல், அவரது விருப்ப ஆவணத்தின்வழி ரெஜைனா நகரக் கலைக்கூடத்திற்கு உரியதாயிற்று. அங்கு அது திருமால் என்றே கருதப்பட்டது. குறிப்பு எழுதியோர் அடுக்களைப் பக்கம் போகாதவர் போலும்! 2019இல் அதனைக் கண்ட கலைஞர் திவ்யா மேஹ்ரா, அது பெண்ணுருவம் என ஐயுற்றார். ஒரு கையிற் பாயசக் கிண்ணமும் மறு கையிற் கரண்டியும் இருத்தலைக் கொண்டு, பீபடி எசெக்ஸ் அருங்காட்சியகத்தைச் சார்ந்த சித்தார்த்த ஷா அன்னபூரணி என உறுதிசெய்தார். 2020இல் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பெற்ற சிலை, 2021 நவம்பரில் காசி விசுவநாதர் ஆலய வளாகத்தில் நிறுவப்பெற்றது.

மராட்டிய இல்லத்தரசி எவரும் இவ்வாறு மயங்கியிருக்கமாட்டார். அங்கு மணமகள் தாய்வீட்டிலிருந்து கொண்டுசெல்லும் சிறு பித்தளை அன்னபூரணி, மடிமீது கரண்டியை ஏந்தியவாறு கிண்ணத்து அரிசியின்மேல் வீற்றிருப்பாள். அவ்வரிசியை மாற்றுங்கால், பழையதை வீட்டுச் சோற்றுடன் சேர்த்துச் சமைப்பதும் உண்டு.