தேம்ஸ் நதியும் முப்பது இலட்சம் பவுணும்: கொள்ளைநோய்க் காலத்து நிதி திரட்டல் பற்றிய ஒரு நோக்கு

கொள்ளைநோய் பரவும் காலங்களில், நீரையும் நிலத்தையும் காக்கும் பணிகளுக்குப் பணமில்லை என்பது ஆட்சியாளர் வழமையாகக் கூறும் விடையாகும். பணம் உண்மையிலேயே இல்லையா, அன்றி அதனைத் திரட்டும் விருப்பம் இல்லையா என்பதே வரலாற்று மாணவர் எழுப்பவேண்டிய வினா. பேரரசொன்றின் தலைநகராகவும் உலக நிதிச் சந்தையின் மையமாகவும் விளங்கிய இலண்டன், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தேம்ஸ் நதியைத் தூய்மையாக்க நிதி திரட்டிய வரலாறு இவ்வினாவுக்குத் தெளிவான விடையைத் தருகின்றது.

1831இல் பிரித்தானியாவை வந்தடைந்த கொலரா நோய் மீண்டும் மீண்டும் தலைகாட்டிற்று. 1848-49ஆம் ஆண்டுகளில் இலண்டனில் மட்டும் 14,000க்கு மேற்பட்டோரும், 1853-54இல் 10,000க்கு மேற்பட்டோரும் அதற்குப் பலியாயினர். நீரால் அடித்துச் செல்லும் மலகூடங்கள் பெருகியமையும், மலக்குழிகளை மூடி வீட்டுக் கழிவினை வடிகால்களுடன் இணைக்குமாறு அதிகாரிகள் பணித்தமையும் நதியை மாபெரும் சாக்கடையாக்கின. அந்நதியிலிருந்தே தனியார் கம்பனிகள் குடிநீரை எடுத்து விற்றன. மாசுபட்ட நீரே நோயைப் பரப்புகின்றது என மருத்துவர் ஜோன் ஸ்னோ 1849இலும், விரிவான சான்றுகளுடன் 1855இலும் எடுத்துக்காட்டினார். ஆயினும், துர்நாற்றமே நோய்க்குக் காரணம் என்ற கொள்கையே அக்காலத்தில் மேலோங்கி நின்றது.

1855ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாநகர வேலைகள் சபை உருவாக்கப்பட்டது. அதன் தலைமைப் பொறியியலாளர் ஜோசப் பசல்ஜெற், நதிக்கு இணையாகக் கிழக்கு நோக்கிச் செல்லும் பெருங் கால்வாய்களால் கழிவுநீரை இடைமறித்து, நகருக்கு அப்பால் கொண்டுசெல்லும் திட்டத்தை வகுத்தார். திட்டம் இருந்தது, தேவையும் இருந்தது. ஆனால், கழிவுநீர் எவ்விடத்தில் நதியிற் கலக்கவேண்டும், செலவை யார் ஏற்பது என்ற பிணக்குகளில் ஆண்டுகள் கழிந்தன. இறந்தோரின் தொகையால் இத்தாமதத்தை உடைக்க முடியவில்லை.

அதனை உடைத்தது 1858ஆம் ஆண்டுக் கோடையின் வெப்பமே. நதிக்கரையில் அமைந்த பாராளுமன்றக் கட்டடத்தினுள் நாற்றம் புகுந்தது. வெளிற்றுந்தூள் கரைசலில் தோய்த்த திரைகளைத் தொங்கவிட்டும் பயனில்லை. நாற்றமே நோய் என்று நம்பியோருக்கு, இப்போது தம் உயிரே ஆபத்திலிருப்பதாகத் தோன்றியது. யூலை 15ஆம் திகதி நிதியமைச்சர் டிஸ்ரேலி முன்வைத்த மசோதா ஓகஸ்ட் 2ஆம் திகதி சட்டமாயிற்று. மூன்று மில்லியன், அதாவது முப்பது இலட்சம் பவுணைக் கடனாகப் பெறும் அதிகாரம் சபைக்குக் கிடைத்தது. பல்லாண்டுகளாக இயலாதிருந்தது பதினெட்டு நாட்களில் இயன்றது.

இக்கடனை இறுத்தவர் யார் என்பதும் நோக்கற்பாலது. பவுணுக்கு மூன்று பென்ஸ் வீதம், நாற்பது ஆண்டுகளுக்கு இலண்டன் மக்கள்மீது சோலைவரி விதிக்கப்பட்டது. ஆங்கிலேய முறையில் இவ்வரி நிலவுடைமையாளர்மீதன்றி, வீட்டிற் குடியிருப்போர்மீதே விழுந்தது. சிறு குடியிருப்புகளில் வாழ்ந்தோர் பலர் வாடகையுடன் சேர்த்தே அதனைச் செலுத்தினர். வடகரைத் தாழ்நிலைக் கால்வாயின் ஒரு பகுதியைத் தன்னுள் கொண்ட நதிக்கரை அணைக்கு, நிலக்கரி மீதும் வைன் மீதும் விதிக்கப்பட்ட தீர்வைகளிலிருந்து நிதி வந்தது. நிலக்கரி ஏழையின் அடுப்பிலும் எரிந்த பொருள் என்பதை நாம் மறத்தலாகாது.

ஏறத்தாழ 82 மைல் நீளமான பெருங் கால்வாய்கள் அமைந்தன. 1865இல் குறொஸ்நெஸ் நீரேற்று நிலையம் கோலாகலமாகத் திறக்கப்பட்டது. ஆனால் 1866இல் கொலரா மீண்டும் வந்தபோது, வேலை முற்றுப்பெறாதிருந்த கிழக்கு இலண்டனின் தொழிலாளர் குடியிருப்புகளையே அது பெரிதும் தாக்கியது. அவ்வாண்டில் நகரில் 5,500க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் இலண்டனில் கொலரா கொள்ளைநோயாகப் பரவவில்லை. எனவே இத்திட்டத்தின் பயனை எவரும் குறைத்து மதிப்பிடல் முடியாது. தவறான நோய்க் கொள்கையிலிருந்து சரியான செயல் பிறந்தமை வரலாற்றின் முரண் எனலாம்.

எனினும், காக்கப்பட்டது நகரினூடாகப் பாய்ந்த நதியே. கிழக்கே கழிவு தூய்மையாக்கப்படாமலே ஆற்றிற் கலந்தது. 1878இல் அக்கழிவு வாய்களுக்கு அண்மையில் ‘பிறின்சஸ் அலிஸ்’ என்னும் பயணிகள் கப்பல் மூழ்கி 600க்கு மேற்பட்டோர் இறந்தபோது, நதியின் நிலை மீண்டும் பொது விவாதத்துக்குள்ளானது. 1887 முதல் கழிவின் திண்மப் பகுதி கப்பல்களில் ஏற்றிச்செல்லப்பட்டுக் கடலில் கொட்டப்பட்டது. இவ்வழக்கம் 1998 வரை நீடித்தது.

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிபு இதுவே: சூழற் பாதுகாப்புக்கான நிதி செல்வத்தின் அளவைப் பொறுத்து மட்டும் திரள்வதில்லை, அழிவு யாருடைய வாயிலைத் தட்டுகின்றது என்பதைப் பொறுத்தே திரள்கின்றது. ஆகவே, எவ்வளவு நிதி திரண்டது என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. எப்போது திரண்டது, யாரிடமிருந்து திரண்டது, யாருடைய நீர் முதலில் தூய்மையாயிற்று என்பனவற்றையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும்.