கோடும் எழுத்தும் குடும்ப வரலாறும்: ஜரீனாவின் தாள் படைப்புகள்

முன்னுரை

1947ஆம் ஆண்டின் இந்தியப் பிரிவினையை ஆராய்வோர் அரசாவணங்களையும் நினைவுக் குறிப்புகளையும் சான்றாகக் கொள்வது வழக்கம். வரைகலைப் படைப்புகளும் அத்தகைய சான்றாக அமையக்கூடும் என்பது எம் கருத்து. ஜரீனா ஹாஷ்மியின் (1937-2020) படைப்புகள் சிலவற்றைக் கொண்டு, குடும்ப மரபும் தன்னடையாளமும் கோட்டிலும் எழுத்திலும் பதிவாகும் முறையை ஈண்டுக் காண்போம்.

வீடும் வரைவும்

அலிகாரில் பிறந்த ஜரீனா, அங்குள்ள முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த பேராசிரியர் ஒருவரின் மகள். கணிதம் பயின்று 1958இல் பட்டம் பெற்றவர். பின்னர்ப் பாரிசில் ஹேட்டரின் கூடத்தில் அச்சோவியமும் தோக்கியோவில் மரக்கட்டை அச்சும் கற்றார். 1970களில் நியூயார்க்கில் குடியேறினார். கணிதப் பயிற்சியின் சுவட்டை அவருடைய சிக்கனமான கோடுகளில் காணலாம்.

1994இல் அவர் படைத்த 'தந்தையின் வீடு', அலிகார் வீட்டின் தளவரைவாகும். அதன் பகுதிகள் உருது எழுத்தில் பெயர் சுட்டப்பெறுகின்றன. அதில் ஆளுருவம் எதுவும் இல்லை. அவருடைய பெற்றோர் கராச்சிக்குக் குடிபெயர்ந்தது 1959இல் என்பது இங்குக் கருதத்தக்கது. பாடநூலில் 1947ஆம் ஆண்டோடு முடிந்துவிடும் பிரிவினை, இக்குடும்பத்தை எட்டியது 12 ஆண்டுகளுக்குப் பின்னரே. நாட்டின் காலக்கணக்கும் வீட்டின் காலக்கணக்கும் ஒன்றல்ல என்பதை இவ்வரைவு நமக்கு உணர்த்துகிறது.

சொல்லும் மடலும்

1999இல் வெளிவந்த 'வீடு ஓர் அயலிடம்' 36 மரக்கட்டை அச்சுகளைக் கொண்டது. வாசல், கதவு, முற்றம் போன்ற சொற்கள் ஒவ்வொன்றும் ஓர் அச்சுக்கு வித்திட்டன. அச்சொற்களை எழுதித் தந்தவர் பாகிஸ்தானில் வாழ்ந்த எழுத்தணிக் கலைஞர் ஒருவர். எல்லை பிரித்த இரு நாடுகளையும் உருது எழுத்து ஒரே தாளில் சேர்த்துவிடுகிறது.

2004இல் உருவான 'வீட்டிலிருந்து வந்த மடல்கள்' எட்டு அச்சுகளின் தொகுதி. பாகிஸ்தானில் வாழ்ந்த தமக்கை ராணி எழுதியும் அனுப்பாமல் வைத்திருந்த மடல்களே அதன் மூலம். பெற்றோரின் மறைவு, வீட்டை விற்றமை, பிள்ளைகளின் பிரிவு ஆகியவற்றை அவை கூறுகின்றன. அம்மடல்களின் கையெழுத்தின்மீது வீட்டு வரைவுகளும் நிலப்படங்களும் உலோகத் தகட்டாலும் மரக்கட்டையாலும் அச்சிடப்பட்டுள்ளன. மேலே படிந்த கோடு கீழுள்ள எழுத்தைச் சிற்சில இடங்களில் மறைக்கிறது. காலந்தாழ்ந்து வந்த செய்தியை முழுமையாகப் படிக்கவியலாத நிலையே இங்கு வடிவமாகியுள்ளது எனலாம்.

சான்றின் எல்லை

ஆயினும், இப்படைப்புகள் பிரிவினையின் முழு வரலாறு ஆகா. இவை கற்றறிந்த ஒரு பேராசிரியர் குடும்பத்தின் நினைவுகள். வரைவதற்குத் தாளும் ஓய்வும் வாய்க்காத ஏதிலியர் பலரின் குரலை இவற்றில் தேடுதல் பொருந்தாது. ஒரு குடும்பத்தின் இழப்பை அக்குடும்பத்தின் அளவிலேயே நிறுத்திக் காட்டும் நேர்மையே இவற்றின் சான்று மதிப்புக்கு அடிப்படை.

முடிவுரை

விற்கப்பட்ட வீட்டுக்குத் தளவரைவும், அனுப்பப்படாத மடலுக்கு அச்சும் நிலைபேறு அளித்துள்ளன. எனினும், உருது அறியாதார்க்கு அம்மடல்கள் அழகிய கோடுகளாக மட்டுமே தோன்றும். மரபைத் தாள் காக்கலாம். அதன் பொருளைக் காப்பது மொழியறிவே. மொழி கற்பிப்போர் இவ்வுண்மையை மனங்கொள்ளுதல் நலம்.